இன்ஸ்பெக்‌ஷனை ‘புட் ஆஃப்’ செய்தார்கள் என்றால் என்ன பொருள்?

கேள்வி: நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். சென்ற மாதம் எங்கள் சரக்கை வாங்கும் இங்கிலாந்துப் பையரிடமிருந்து இரண்டே வரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. “வி ஹேவ் டு புட் ஆஃப் தி ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் டில் ஃப்ரைடே. ஐ ஹோப் திஸ் டஸன்ட் புட் யூ ஆஃப்.” வெள்ளிக்கிழமை வரை இன்ஸ்பெக்‌ஷன் கிடையாது, அதற்காக நாங்கள் தாமதிக்க வேண்டாம் என்று நான் புரிந்துகொண்டேன். சரக்கு புதன்கிழமை கிளம்ப வேண்டியது என்பதால் 140 பெட்டிகளையும் லாரியில் ஏற்றச் சொல்லிவிட்டேன். மேலாளர் தற்செயலாக மின்னஞ்சலைப் பார்த்ததால் லாரி கேட்டைத் தாண்டவில்லை. ஏற்றிய பெட்டிகளை மறுபடி இறக்கியவர்களின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அகராதியில் தேடினால் இந்த ‘புட் ஆஃப்’ ஒன்றுக்கே ஐந்தாறு பொருள் போட்டிருக்கிறார்கள். எந்த இடத்தில் எந்தப் பொருள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா? நானும் இதை எழுதும்போது பயன்படுத்தலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த இரண்டு வரிகளின் பொருளைச் சொல்லிவிடுகிறேன். ‘இறுதி இன்ஸ்பெக்‌ஷனை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போட வேண்டியிருக்கிறது’ என்பது முதல் வரி. ‘இதனால் உங்களுக்கு எங்கள் மேல் மனம் விட்டுப்போகாது என்று நம்புகிறேன்’ என்பது இரண்டாவது வரி. ஒரே வினை அடுத்தடுத்த இரண்டு வாக்கியங்களில் இரண்டு பொருளில் வந்திருக்கிறது. எழுதியவருக்கு அது தோன்றியே இருக்காது. நீங்கள் முதல் வரியைப் பாதி சரியாகவும், இரண்டாவது வரியை முழுவதும் வேறாகவும் படித்தீர்கள். இரண்டாவது வரியில் ‘தாமதம்’ என்ற பொருளைக் கொண்டுபோய் வைத்ததால்தான் லாரியை அவசரப்படுத்தினீர்கள். ஒரு தவறு மட்டும் நடந்திருந்தால் நீங்களே சந்தேகப்பட்டு மேலாளரிடம் கேட்டிருப்பீர்கள். இரண்டு தவறுகள் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்ததால் சந்தேகத்துக்கே இடமில்லாமல் போய்விட்டது. இது கவனக்குறைவு அன்று என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் ஒவ்வொரு சொல்லையும் படித்திருக்கிறீர்கள். சொற்கள் சேர்ந்த இடத்தில்தான் தடுக்கியிருக்கிறது.

முதல் வரியில் உங்களைத் தவறவிட்டது ‘புட் ஆஃப்’ கூட அன்று, அதன் பின்னால் நின்ற ‘டில்’ என்ற சிறு சொல் என்று எனக்குப் படுகிறது. ‘டில்’ என்றால் ‘வரை’ என்று பள்ளியில் படித்தோம். ‘வெள்ளிக்கிழமை வரை இல்லை’ என்று தமிழில் சொன்னால், வெள்ளிக்கிழமை வந்தபின் என்ன என்பது காற்றில் நிற்கிறது. இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆங்கிலத்தில் ‘புட் ஆஃப் டில் ஃப்ரைடே’ என்றால் அந்தச் சந்தேகம் கிடையாது. அதுவரை இல்லை, அன்றைக்கு உண்டு என்ற இரண்டையும் அந்த ஒரு ‘டில்’ சொல்லிவிடுகிறது. நம் மொழியில் அந்த வேலையைச் செய்வது ‘வரை’ அன்று, நான்காம் வேற்றுமை உருபான ‘கு’. ‘கூட்டத்தை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போட்டார்கள்’ என்றுதானே நாம் சொல்கிறோம்? ‘வெள்ளிக்கிழமை வரை தள்ளிப்போட்டார்கள்’ என்று யாரும் சொல்வதில்லை. எனவே ‘புட் ஆஃப்’ என்பதோடு ‘டில்’ அல்லது ‘அன்டில்’ வந்து, அதன் பின் நாளோ நேரமோ வந்தால், ‘வரை’ என்பதை மறந்துவிட்டு அந்த நாளுக்கு ‘கு’ சேர்த்துப் படியுங்கள். கைவிடப்பட்ட ஒன்றுக்கு யாரும் அடுத்த தேதி கொடுப்பதில்லை. அடியோடு கைவிட்டிருந்தால் அவர் ‘கால் ஆஃப்’ என்றோ ‘கேன்சல்’ என்றோ எழுதியிருப்பார். ‘டில் ஃப்ரைடே’ அங்கே நின்றிருக்காது.

அடுத்து ‘ஆஃப்’. இந்தச் சொல் தமிழ்நாட்டில் தனியாக ஒரு வாழ்க்கை வாழ்கிறது. லைட்டை ஆஃப் பண்ணுகிறோம், மோட்டாரை ஆஃப் பண்ணுகிறோம், போதாதற்குப் ‘பாதி’ என்ற பொருளுள்ள வேறொரு ஆங்கிலச் சொல்லையும் அதே உச்சரிப்பில் கொண்டுவந்து ஆஃப் பாயில் ஆக்கியிருக்கிறோம். இந்தப் பழக்கத்தால் ‘ஆஃப்’ என்று கண்ணில் பட்டதும் நம் மனம் சுவிட்சைத் தேடுகிறது. எது வந்தாலும் ‘நின்றுவிட்டது, அணைந்துவிட்டது, முடிந்துவிட்டது’ என்றே பொருள் கொள்கிறது. விளக்கை ‘புட் ஆஃப்’ செய்வது ஆங்கிலத்திலும் உண்டு, அது பிழையன்று. ஆனால் அது அந்தச் சொல்லின் ஓர் ஓரம் மட்டுமே.

இதில் எனக்கும் பட்ட அனுபவம் உண்டு. மொழிபெயர்ப்புத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சிறுகதையில் ‘தி அலாரம் வென்ட் ஆஃப்’ என்ற வரியை ‘அலாரம் நின்றது’ என்று எழுதிக்கொடுத்தேன். அடுத்த வரியில் கதாநாயகன் திடுக்கிட்டுப் படுக்கையிலிருந்து எழுந்து உட்காருகிறான். பார்வையிட்ட ஆசிரியர் இரண்டு வரிகளையும் சிவப்பு மையால் வளைத்து, ‘மௌனத்தைக் கேட்டு எழுந்தானா?’ என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார். அலாரம் ‘கோ ஆஃப்’ ஆனால் அது அலறுகிறது. வெடிகுண்டு ‘கோ ஆஃப்’ ஆனால் வெடிக்கிறது. பால் ‘கோ ஆஃப்’ ஆனால் கெட்டுப்போகிறது. மின்விளக்கு ‘கோ ஆஃப்’ ஆனால் மட்டும்தான் அணைகிறது. நான்கில் மூன்று இடங்களில் சுவிட்ச் பொருள் நம்மைக் குழியில் தள்ளும். அதைவிட, ‘இருக்கும் இடத்தை விட்டு விலகுதல்’ என்பதை ‘ஆஃப்’ என்ற சொல்லின் அடிப்படையாக வைத்துக்கொண்டால் ‘புட் ஆஃப்’ விஷயத்தில் பெரும்பாலும் வழி தவறாது. இன்ஸ்பெக்‌ஷன் தான் இருந்த தேதியை விட்டு விலகுகிறது. ஒருவருடைய மனம் தான் நாடியிருந்த பொருளை விட்டு விலகுகிறது. உங்கள் மின்னஞ்சலின் இரண்டு வரிகளும் இந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

இப்படி ஒரு வினையும் ஒட்டிக்கொண்ட சிறு சொல்லும் சேர்ந்து புதுப் பொருள் தருவதை ஆங்கில இலக்கணத்தில் ஃப்ரேசல் வெர்ப் என்கிறார்கள். இது நமக்கு மட்டும் உள்ள இடர் அன்று. சாமுவேல் ஜான்சன் 1755-ல் தம் ஆங்கில அகராதியை வெளியிட்டபோது, அதன் முன்னுரையிலேயே, வினையோடு ஒட்டும் இந்தச் சிறு சொற்கள்தாம் அயல்நாட்டவருக்குப் பெருந்தொல்லை என்று குறிப்பிட்டு, பல எடுத்துக்காட்டுகளை அடுக்கிச் சென்றார். ஃப்ரேசல் வெர்ப் என்ற பெயரை 1925-ல் வெளிவந்த ஒரு நூலில் காணலாம். அந்த நூலின் ஆசிரியர் லோகன் பியர்சால் ஸ்மித், ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி சொல்லிக்கொடுத்த பெயர் அது என்று நன்றியோடு பதிவு செய்திருக்கிறார்.

ஆனால் தமிழ் பேசும் ஒருவர் இதைக் கண்டு மலைக்க வேண்டியதே இல்லை என்பது என் கருத்து. நாம் காலை முதல் இரவு வரை இதே வித்தையைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். ‘பார்’ என்றால் கண்ணால் காண்பது என்று மட்டும் படித்த ஒரு வெளிநாட்டவரிடம் ‘இந்த ஊறுகாயைச் சாப்பிட்டுப் பார்’ என்று சொல்லுங்கள். சாப்பிட்ட பிறகு எதைப் பார்ப்பது என்று அவர் சுற்றுமுற்றும் தேடுவார். ‘எழுதித் தள்ளுகிறார்’ என்றால் அங்கே யாரும் யாரையும் தள்ளவில்லை. ‘சொல்லித் தொலை’ என்றால் எதுவும் காணாமல் போகவில்லை. வினையெச்சத்தின் பின்னால் வந்து தன் சொந்தப் பொருளை இழந்து நிற்கும் இவற்றைத் துணைவினை என்று இலக்கணத்தில் படித்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் வினை முன்னும் ஒட்டு பின்னும் வருகின்றன. நம் மொழியில் பொருளைச் சுமக்கும் வினை முன்னால் நிற்க, தன் பொருளை இழந்த இன்னொரு வினை பின்னால் வருகிறது. வேறுபாடு அவ்வளவே.

‘புட் ஆஃப்’ விஷயத்தில் இந்த ஒற்றுமை வியப்பூட்டும் அளவுக்கு நெருக்கமானது. ‘புட்’ என்பதற்கு நேரான சொற்கள் ‘போடு’, ‘வை’. நாம் வேலையைத் தள்ளிப் ‘போடுகிறோம்’. ‘புட் ஆஃப்’ என்பதற்கு முன்பு ஆங்கிலத்தில் ‘கழற்று’ என்ற பொருளும் வழங்கியது. 1611-ல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், எரிகிற முட்செடியின் அருகே வந்த மோசேயிடம் காலணியைக் கழற்றச் சொல்லும் இடத்தில் இந்த ‘புட் ஆஃப்’ தான் நிற்கிறது. அதே வசனம் தமிழ் விவிலியத்தில், யாத்திராகமம் 3:5-ல், ‘பாதரட்சையைக் கழற்றிப்போடு’ என்று இருக்கிறது. தள்ளிப்போடு, கழற்றிப்போடு என்று ஆங்கிலச் சொல்லின் இரண்டு பொருளுக்கும் தமிழும் ‘போடு’ என்பதையே துணைக்கு அழைத்திருக்கிறது. இதைத் தற்செயல் என்றே வைத்துக்கொண்டாலும், நினைவில் நிறுத்துவதற்கு இதைவிட நல்ல கொக்கி கிடைக்காது. ‘போஸ்ட்போன்’ என்ற சொல்லும் இதே குடும்பம்தான். லத்தீனில் ‘போஸ்ட்’ என்றால் பின், ‘போனெரே’ என்றால் வைத்தல். நீதிமன்றத்தில் வழக்கை ஒத்தி‘வைக்கிறார்கள்’, வீட்டில் சுண்ணாம்பு அடிப்பதைத் தள்ளிப்‘போடுகிறோம்’. ‘போஸ்ட்போன்’ என்பதற்கும் ‘புட் ஆஃப்’ என்பதற்கும் உள்ள மதிப்பு வேறுபாடும் ஏறக்குறைய அதுவே.

இனி, எந்த இடத்தில் எந்தப் பொருள் என்ற உங்கள் முக்கியக் கேள்விக்கு வருகிறேன். செயப்படுபொருளைப் பாருங்கள், எதை ‘புட் ஆஃப்’ செய்கிறார்கள் என்று கேளுங்கள். கூட்டம், திருமணம், பயணம், முடிவு, இன்ஸ்பெக்‌ஷன் போன்ற ஒரு நிகழ்ச்சியோ வேலையோ விடையாக வந்தால் அது தள்ளிப்போடுதல். ‘மீ’, ‘யூ’, ‘ஹிம்’, ‘தெம்’ என்று ஆளைக் குறிக்கும் சொல் விடையாக வந்தால் அது மனத்தைப் பற்றியது, அல்லது அந்த ஆளைச் சாக்குச் சொல்லி அனுப்புவதைப் பற்றியது. உங்கள் முதல் வரியில் விடை ‘இன்ஸ்பெக்‌ஷன்’. இரண்டாவது வரியில் விடை ‘யூ’. ஆளைத் தேதி மாற்றி வைக்க முடியாது அல்லவா? அங்கேயே பொருள் மாறிவிட்டது என்று கண்டுகொள்ளலாம்.

மொழி கற்பவர்களுக்கென்று எழுதப்பட்ட அகராதிகள் இந்தக் குறிப்பைக் கொடுத்தே வைத்திருக்கின்றன. பலரும் அதைக் கவனிப்பதில்லை. ‘புட்’ என்ற சொல்லின் நீண்ட பதிவில் கடைசிப் பகுதிக்குப் போனால் ஃப்ரேசல் வெர்ப்கள் தனியாக இருக்கும். அங்கே ‘புட்’ என்பதற்கும் ‘ஆஃப்’ என்பதற்கும் பக்கத்தில் சிறிய எழுத்தில் ‘எஸ்-டி-ஹெச்’ என்றோ ‘எஸ்-பி’ என்றோ இருப்பதைப் பாருங்கள். முன்னது ‘சம்திங்’ என்பதன் சுருக்கம், அதாவது பொருள் அல்லது நிகழ்ச்சி. பின்னது ‘சம்படி’, அதாவது ஆள். ஐந்தாறு பொருள் போட்டிருக்கிறார்களே என்று நீங்கள் மலைத்த பக்கத்திலேயே அவற்றைப் பிரித்துக்காட்டும் வேலியும் இருந்தது. இத்தகைய அகராதிக்கு வழிகாட்டியவர் ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர். ஜப்பானிய மாணவர்களுக்குப் பாடம் சொன்ன அனுபவத்தில், சொல்லின் பொருளை மட்டும் சொன்னால் போதாது, அது வாக்கியத்தில் எதை அடுத்து உட்காரும் என்றும் சொல்ல வேண்டும் என்று அவர் கண்டார். அவருடைய அகராதி முதலில் 1942-ல் டோக்கியோவில்தான் வெளியானது. ஆகவே, உங்களைப் போன்ற வாசகரை மனத்தில் வைத்தே அந்தச் சிறிய எழுத்துகள் அங்கே நிற்கின்றன.

ஆள் செயப்படுபொருளாக வரும் இடத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அகராதியின் தமிழாக்கங்கள் தடுமாறுவது அங்கேதான். ‘தி ஸ்மெல் புட் மீ ஆஃப்’ என்று ஒருவர் சொன்னால், அந்த வாடை அடித்ததும் அவருக்கு அதன் மேலிருந்த ஆசை விட்டுப்போயிற்று என்று பொருள். மீன் குழம்பு கொதிக்கும் வீட்டுக்குள் சைவ விருந்தாளி நுழைந்தால் அவருடைய முகம் ஒரு கணம் சுருங்குமே, அதுதான் ‘புட் ஆஃப்’. வாங்க வந்தவர் விலையைக் கேட்டதும் கையிலிருந்த புடவையை மெல்ல மேசையில் வைத்துவிடுகிறாரே, அதுவும் ‘புட் ஆஃப்’ தான். ‘வெறுப்பூட்டு’ என்று அகராதிகள் எழுதுவது கொஞ்சம் அதிகம். ‘மனம் விட்டுப்போதல்’, ‘சப்பென்று ஆகிவிடுதல்’ என்பவை அதன் அளவுக்குப் பொருத்தமானவை. பிரிட்டிஷ்காரர்கள் இதையே கவனம் கலைவதற்கும் சொல்வார்கள். கேரம் போர்டில் ஒருவர் ஸ்ட்ரைக்கரை வைத்துக் குறி பார்க்கும் நேரத்தில் எதிரில் இருப்பவர் தொண்டையைக் கனைத்தால், ‘டோன்ட் புட் மீ ஆஃப்’ என்று கடிந்துகொள்வார்கள். மூன்றாவது, பணம் கேட்டு வருபவரை இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடிப்பது. ‘ஹி கீப்ஸ் புட்டிங் மீ ஆஃப்’. இதில் தள்ளிப்போடுதலும் உண்டு, ஆனால் தள்ளப்படுவது தேதி அன்று, வாசலில் நிற்கும் மனிதர்.

இலக்கணத்தில் இரண்டொரு செய்தி போதும். இறந்த காலத்திலும் ‘புட்’ மாறாது. எனவே ‘தே புட் ஆஃப் தி மீட்டிங்’ என்பது தள்ளிப்போடுகிறார்களா, தள்ளிப்போட்டார்களா என்பதைச் சூழ்நிலைதான் சொல்லும். ‘தி மீட்டிங்’ என்பதை ‘ஆஃப்’ என்பதற்கு முன்னும் வைக்கலாம், பின்னும் வைக்கலாம். ‘இட்’ என்று சுருக்கினால் நடுவில்தான் வைக்க வேண்டும். ‘புட் இட் ஆஃப்’ சரி, ‘புட் ஆஃப் இட்’ தவறு. பின்னால் இன்னொரு வினை வந்தால் ‘புட் ஆஃப் கோயிங்’ என்று ‘இங்’ சேர்ந்துதான் வரும்.

மனப்பாடம் செய்ய வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ‘புட்’ என்பதோடு சேரும் நாற்பது சொற்களின் பட்டியலைச் சுவரில் ஒட்டிவைத்துப் படித்தவர்கள் அவற்றைக் குழப்பிக்கொள்வதைத்தான் என் வகுப்புகளில் கண்டிருக்கிறேன். உங்கள் வேலைக்கு வரும் மின்னஞ்சல்களிலிருந்தே முழு வாக்கியமாக ஒரு நோட்டில் எழுதி, அதன் கீழே நீங்கள் வீட்டில் பேசுகிற தமிழில் பொருளை எழுதுங்கள். தேதி மாற்றம் தொடர்பாக உங்கள் துறையில் ஓயாமல் வருபவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். ‘புஷ் பேக்’ என்றாலும் தள்ளிப்போடுதலே. ‘பிரிங் ஃபார்வர்ட்’ என்றால் அதற்கு நேர்மாறாக, முன்கூட்டியே வைத்துக்கொள்ளுதல். நாம் இங்கே சரளமாகச் சொல்லும் ‘ப்ரீபோன்’ இந்தியாவில் பழகிய சொல். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் அதற்கு இடம் உண்டு என்றாலும், இங்கிலாந்துப் பையருக்கு எழுதும்போது ‘பிரிங் ஃபார்வர்ட்’ என்றே எழுதுங்கள். எந்தச் சொல் வந்தாலும், தேதியைத் தொடும் மின்னஞ்சலுக்கு ‘நோட்டட்’ என்று மட்டும் பதில் போட்டுவிடாதீர்கள். ‘அப்படியானால் புதிய இன்ஸ்பெக்‌ஷன் தேதி இந்த வெள்ளிக்கிழமை, அதற்கு முன் சரக்கை அனுப்பமாட்டோம், சரிதானே?’ என்று நாளையும் தேதியையும் எண்ணால் எழுதித் திருப்பிக் கேளுங்கள். சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தாலும் பையர் அந்த வரியைப் பார்த்தவுடன் திருத்திவிடுவார். பெட்டிகளைத் தூக்கி இறக்க வேண்டியிராது.

நீங்களே எழுதும்போது ‘புட் ஆஃப்’ பயன்படுத்தலாமா என்பதற்கு, பையரோடு பேசும் பேச்சிலும் சாதாரணக் கடிதத்திலும் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்பேன். ஓர் இடத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. தமிழில் ‘தள்ளிப்போகிறது’ என்பதற்கும் ‘தள்ளிப்போடுகிறார்கள்’ என்பதற்கும் உள்ள தூரம் உங்களுக்குத் தெரியும். கல்யாணம் தள்ளிப்போகிறது என்றால் ஏதோ காரணம். பெண் வீட்டார் தள்ளிப்போடுகிறார்கள் என்றால் அவர்களுக்கு மனமில்லையோ என்று ஊர் பேசும். ‘புட் ஆஃப்’ எப்போதும் ‘தள்ளிப்போடுதல்’ பக்கம் நிற்பது. அதில் ஒருவருடைய முடிவும், சில நேரங்களில் அவருடைய விருப்பமின்மையும் ஒட்டிக்கொண்டிருக்கும். சாயப்பட்டறையிலிருந்து துணி வராமல் ஷிப்மென்ட் மூன்று நாள் பிந்துகிறது என்றால், ‘வி ஆர் புட்டிங் ஆஃப் தி ஷிப்மென்ட்’ என்று எழுதாதீர்கள்; அனுப்ப மனமில்லாமல் நீங்களே இழுப்பது போல அது ஒலிக்கும். ‘தி ஷிப்மென்ட் இஸ் டிலேய்ட் பை த்ரீ டேஸ்’ என்று எழுதி, காரணத்தையும் புதிய தேதியையும் அடுத்த வரியில் கொடுத்துவிடுங்கள்.